பூச்சியைக் கொல்லும் பூஞ்சாணம்: தோப்பிலும் கடையிலும் நாம் அறிய வேண்டியவை

பூசணம் என்ற சொல்லைக் கேட்டாலே வியாபாரிக்கு வயிற்றைக் கலக்கும். கொப்பரையில் பூசணம், நிலக்கடலையில் பூசணம், முந்திரிப் பருப்பில் பூசணம் என்றால் அது நஷ்டக் கணக்கு. மூட்டையைப் பிரித்ததும் அந்த வாடை வந்துவிட்டால் பேசிய விலை நிற்காது. சில சமயம் சரக்கே குப்பைக்குப் போகும்.

ஆனால் அதே இனத்தைச் சேர்ந்த வேறு சிலவற்றைத் தென்னந்தோப்புக்காரர்களும் முந்திரித் தோட்டக்காரர்களும் காசு கொடுத்து வாங்கி எருக்குழியிலும் மரத்தடியிலும் இடுகிறார்கள். "பூஞ்சாணம் போட்ட தோட்டத்துச் சரக்கை வாங்கலாமா?" என்ற கேள்வியும், "அந்தப் பொட்டலத்தை நம் கடையிலேயே வைத்து விற்கலாமா?" என்ற கேள்வியும் கடைக்காரருக்கு எழுவது இயல்பு. முதல் கேள்விக்குத் தாராளமாக வாங்கலாம் என்பது பதில். இரண்டாவதற்கு, மளிகைக் கடையில் கூடாது என்பது பதில். காரணங்களைக் கீழே விளக்குகிறோம்.

மரம் போனால் சரக்கு ஏது?

தென்னைக்குப் பெரும் பகை காண்டாமிருக வண்டு. மூக்கில் ஒற்றைக் கொம்புடன் இருக்கும் இந்தக் கருவண்டு, விரியாத குருத்துக்குள் துளைத்துச் செல்லும். பிறகு மட்டை விரியும்போது ஓலை கத்தரியால் வெட்டியது போல முக்கோணமாகத் தெரியும். பாளையையும் குடைவதால் காய் குறையும். இளங்கன்றாக இருந்தால் குருத்தே அழுகிக் கன்று செத்துப் போகும். வண்டு போட்ட புண்ணில் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிட்டால் வளர்ந்த மரமும் தப்பாது.

இந்த வண்டு பிறந்து வளர்வது மரத்தில் அல்ல. எருக்குழி, மக்கிய குப்பை, அழுகிய தென்னந்தடி ஆகியவைதான் அதற்குத் தொட்டில். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் இலட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. சாய்ந்த மரம் ஒரு நஷ்டம். அகற்றாமல் மக்கவிட்ட தடியில் வண்டு பெருகி, நின்ற மரத்தையும் தாக்கினால் அது இரண்டாவது நஷ்டம்.

முந்திரிக்கு இதுபோன்ற எமன் தண்டு மற்றும் வேர்த் துளைப்பான். அடிமரத்துப் பட்டை இடுக்கில் வண்டு முட்டையிடும். புழு பட்டைக்கு உள்ளே புகுந்து சுற்றிச் சுற்றித் தின்னும். அடியில் பிசின் வடியும், மரத்தூள் போன்ற எச்சம் தள்ளும், இலை மஞ்சளாகிக் கொட்டும். கவனிக்காமல் விட்டால் மரமே காய்ந்துவிடும். 2011 டிசம்பர் 30-ல் வீசிய தானே புயலில் கடலூர் மாவட்டத்து முந்திரிக் காடுகள் அழிந்ததை நாம் மறக்க முடியாது. புயல் ஒரே நாளில் செய்வதை இந்தப் புழு ஓசையின்றி ஆண்டுக் கணக்கில் செய்கிறது.

விளைச்சல் குறைந்தால் விலை ஏறும், வியாபாரிக்கு அதனால் என்ன என்று சிலர் நினைக்கலாம். விலை ஏறினால் முதல் முடங்கும், கடன் பாக்கி கூடும், வாங்குபவர் அளவைக் குறைப்பார். தோப்பு வாழ்ந்தால்தான் மண்டி வாழும்.

மருந்தடித்தால் போதாதா?

ரசாயன மருந்துக்கும் இடம் உண்டு. ஆனால் அளவும் முறையும் தவறினால் என்ன ஆகும் என்பதற்குக் காசர்கோடு சாட்சி. அங்கே முந்திரித் தோட்டங்களில் தேயிலைக் கொசுவை ஒழிக்க எண்டோசல்பான் மருந்தை ஹெலிகாப்டரில் இருந்து தெளித்தார்கள். இது 2000-ஆம் ஆண்டு வரை பல ஆண்டுகள் நடந்தது. சுற்றுவட்டார மக்களின் உடல்நலக் கேடு நாடறிந்த வழக்காயிற்று. 2011 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்கு இந்தியா முழுவதும் தடை விதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 இலட்சம் ரூபாய் வழங்கக் கேரள அரசுக்கு 2017 ஜனவரியில் உத்தரவிட்டது.

இன்னொரு சங்கடமும் உண்டு. எருக்குழியின் அடியில் கிடக்கும் புழுவுக்கும், பட்டைக்குள் புகுந்த புழுவுக்கும் மேலே தெளிக்கும் மருந்து போய்ச் சேருவதில்லை. ஈரமும் நிழலும் உள்ள அந்த இடங்கள்தான் பூஞ்சாணத்துக்குப் பிடித்த இடங்கள். முள்ளை முள்ளால் எடுக்கும் வேலை அங்கே நடக்கிறது.

பூஞ்சாணம் கொல்லும் விதம்

இது புதிதாக முளைத்த சங்கதி அல்ல. இத்தாலியில் பட்டுப்புழுக்கள் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துச் செத்த நோயை அகஸ்தினோ பாஸி என்பவர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அதற்கு ஒரு பூஞ்சாணமே காரணம் என்று 1835-ல் வெளியிட்டார். அவர் பெயரால்தான் அது இன்று பிவேரியா பேசியானா என்று அழைக்கப்படுகிறது. 1879-ல் ஒடெசா நகரில் மெச்னிகாப் என்ற அறிஞர், தானியப் பயிரைத் தின்ற வண்டின் புழுக்களில் பச்சை நிறப் பூஞ்சாணம் ஒன்றைக் கண்டார். அதைக் கொண்டே வண்டை ஒழிக்கலாம் என்று முயன்றார். அதுவே மெட்டாரைசியம். இந்த மெச்னிகாப் பிற்பாடு வேறொரு ஆராய்ச்சிக்காக 1908-ல் நோபல் பரிசு பெற்றவர்.

இவை வேலை செய்யும் விதம் எளியது. பூஞ்சாணத்தின் வித்து கண்ணுக்குத் தெரியாத தூள். புழுவின் மேல்தோலில் ஒட்டிக்கொள்ளும். ஈரம் இருந்தால் ஏறக்குறைய ஒரு நாளில் முளைத்து, தோலைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து உள்ளே வேர் விடும். பூச்சி அதைத் தின்ன வேண்டிய அவசியம் இல்லை, மேலே பட்டாலே போதும். உள்ளே போனதும் புழுவின் இரத்தத்தில் பெருகி நஞ்சையும் விடும். புழு தீனியைக் குறைத்து, சோர்ந்து, ஒரு வாரம் பத்து நாளில் சாகும். செத்த புழுவின் மேல் வெள்ளையாகப் பூத்தால் அது பிவேரியா. முதலில் வெளுத்துப் பிறகு பச்சைத் தூளாக மாறினால் அது மெட்டாரைசியம். அந்தத் தூள் அடுத்த புழுவுக்கு வித்து. ஒரு முதல் போட்டு வட்டி தானே பெருகுவது போல என்று நம் பாஷையில் சொல்லலாம்.

எருக்குழியே போர்க்களம்

காண்டாமிருக வண்டு சரக்கோடு சரக்காக ஊர் விட்டு ஊர் போகும். 1909-ல் இலங்கையிலிருந்து கப்பலில் போன ரப்பர் நாற்றுகளுடன் பசிபிக் கடலில் உள்ள சமோவாத் தீவுக்குச் சென்று, அங்கிருந்து பல தீவுகளின் தென்னையை அழித்தது. அங்கும் அதை எதிர்க்க மெட்டாரைசியத்தைக் கொண்டு சென்றார்கள்.

நம் ஊரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை இது: 250 மில்லி மெட்டாரைசியம் வளர்ப்புக் கரைசலை 750 மில்லி தண்ணீரில் கலந்து எருக்குழியில் தெளிக்க வேண்டும். குழியில் ஈரம் இருக்க வேண்டும். எருவைக் கிளறிவிட்டுத் தெளித்தால் அடியில் உள்ள புழுவுக்கும் போய்ச் சேரும். மழைக்காலமே இதற்கு ஏற்ற காலம்.

இதோடு மற்ற வேலைகளும் நடக்க வேண்டும். பட்டுப்போன மரங்களை வெட்டி அகற்ற வேண்டும். குருத்தில் புகுந்த வண்டைக் கம்பிக் கொக்கியால் எடுக்க வேண்டும். 1 கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து மண்பானைகளில் தோப்பில் வைத்தால் வண்டுகள் வந்து விழும். பூஞ்சாணம் புழுவைக் கொல்லும், பானை வண்டைப் பிடிக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் பலன் முழுமை.

கொப்பரை வியாபாரிகளுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. கொப்பரைக் களத்தில் தேங்காய் உடைக்கும்போது தரையில் ஓடி வீணாகும் தேங்காய்த் தண்ணீரிலேயே இந்தப் பூஞ்சாணத்தை வளர்க்க முடியும். அரைவேக்காட்டு அரிசியிலும் மரவள்ளித் துண்டுகளிலும்கூட வளர்க்கிறார்கள். 1916-ல் சென்னை மாகாண அரசு காசர்கோட்டில் தொடங்கிய தென்னை ஆராய்ச்சி நிலையமே இன்றைய மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம். அது இம்முறைகளைக் கிராமத்துப் பெண்கள் குழுக்களுக்கும் கற்றுக்கொடுத்துள்ளது. ஆனால் நீரை நன்றாகக் கொதிக்கவைத்துக் கிருமி நீக்கி, சுத்தமான தாய் வித்தை இட்டு வளர்க்க வேண்டும். கண்ட பூசணமும் கலந்துவிட்டால் பயன் இல்லை. பயிற்சி பெறாமல் இறங்கக் கூடாது.

முந்திரியும் பீக்கனும்

முந்திரியில், துளைப்பான் தாக்கத் தொடங்கிய மரத்தின் பட்டையைச் செதுக்கிப் புழுவை எடுத்துவிட்டு, அடிமரத்தைச் சுற்றி மண்ணில் மெட்டாரைசியத்தை வேப்பம் புண்ணாக்குடன் கலந்து இடுகிறார்கள். ஆரம்பத்திலேயே கண்டால் மரம் பிழைக்கும். பட்டை முழுவதும் சுற்றித் தின்றுவிட்ட மரத்தை எந்த மருந்தாலும் மீட்க முடியாது. அதை வேரோடு அப்புறப்படுத்துவதே பக்கத்து மரங்களுக்குப் பாதுகாப்பு.

அமெரிக்காவில் அக்ரூட்டுக்கு உறவான பீக்கன் என்ற கொட்டை பெரும் வியாபாரம். ஜார்ஜியா மாநிலம் அதற்குப் பேர்போனது. அங்கே ஒரு கூன்வண்டு, கொட்டைக்குள் முட்டையிட்டுப் பருப்பைப் புழுக்கவைத்துவிடும். புழு கொட்டையைத் துளைத்து வெளியேறி மண்ணுக்குள் ஓராண்டு, இரண்டாண்டு என்று கிடக்கும். பிறகு வண்டாகி மண்ணைப் பிளந்து மரம் ஏறும். அந்த மாநிலத்தில் பைரன் என்ற ஊரில் உள்ள அமெரிக்க வேளாண் துறையின் ஆராய்ச்சி நிலையம், பிவேரியாவை மரத்தடி மண்ணிலும் அடிமரத்திலும் இட்டு வண்டு ஏறும் வழியிலேயே மடக்கும் முறையைப் பல ஆண்டுகள் சோதித்துள்ளது. தென்னை, முந்திரி, பீக்கன் மூன்றிலும் பாடம் ஒன்றுதான். பூச்சி எங்கே மண்ணையும் ஈரத்தையும் நாடுகிறதோ அங்கே பூஞ்சாணம் ஜெயிக்கும்.

எதற்கு உதவாது?

எல்லா நோய்க்கும் ஒரே லேகியம் என்று விற்பவரை நம்ப வேண்டாம். கடும் வெயிலில் இதன் வித்து சீக்கிரம் செத்துப்போகும். ஆகவே வெயில் படும் இலையில் தெளித்தால் பலன் குறைவு. தெளித்தே ஆக வேண்டுமானால் மாலை நேரம் நல்லது. வறண்ட காற்றில் முளைக்காது. இரண்டு நாளில் பலன் கேட்பவருக்கு இது ஏற்றதல்ல. போர்டோ கலவை போன்ற பூசணக்கொல்லிகளை அதே இடத்தில் அதே சமயத்தில் இட்டால், போட்ட பணம் வீண்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. பிவேரியா பட்டுப்புழுவையும் கொல்லும். பாஸி கண்டுபிடித்ததே அங்கேதான். உடுமலை போலத் தென்னையும் மல்பெரியும் அருகருகே உள்ள ஊர்களில் இதைக் கேட்டறியாமல் தெளிக்கக் கூடாது.

நல்லதும் கெட்டதும்: கடைக்காரர் அறியும் வழி

பூச்சியைக் கொல்லும் இந்தப் பூஞ்சாணங்கள் எருக்குழியிலும் மண்ணிலும் வேலை செய்பவை. தேங்காய்க்குள்ளோ முந்திரிப் பருப்புக்குள்ளோ வருவதில்லை. ரசாயன எச்சமும் விடுவதில்லை. ஆகவே இவற்றை இட்ட தோட்டத்துச் சரக்கை ஒதுக்கக் காரணமே இல்லை.

நம் மூட்டையில் பூப்பது வேறு ஜாதி. அதில் கொடியது ஆஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்பது. மஞ்சள் கலந்த பச்சையாகப் பூக்கும். அப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைக் கெடுத்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தீவனத்தில் கலந்த, பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் இருந்த இந்த நஞ்சே காரணம் என்று பிறகு தெரிந்தது. வறுத்தாலும் காய்ச்சினாலும் இது முழுவதும் போகாது. பூசணத்தைத் துடைத்துவிட்டு விற்பதும் பாவம், சட்டப்படியும் குற்றம்.

இரண்டுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. புழு துளைத்த ஓட்டை வழியாகத்தான் இந்தக் கெட்ட பூசணம் கொட்டைக்குள் சுலபமாக நுழைகிறது. கலிபோர்னியா பாதாமிலும் பிஸ்தாவிலும் புழு விழுந்த கொட்டைகளிலேயே அப்ளாடாக்சின் அதிகம் காணப்படுகிறது. அதனால் அங்கே குளிர்காலத்தில் மரத்தில் தங்கிய பழங்கொட்டைகளை உதிர்த்து அழிப்பதைப் பெரும் வேலையாகச் செய்கிறார்கள். நாம் விற்கும் பாதாமில் பெரும்பகுதி அங்கிருந்து வருவதே. எனவே தோட்டத்தில் பூச்சியை அடக்குவது கடையில் நஞ்சை அடக்குவதற்கு முதல் படி. அடுத்த படி நம் கையில் இருக்கிறது. கொப்பரை ஈரப்பதம் 6 சதவீதத்துக்கும் முந்திரிப் பருப்பு 5 சதவீதத்துக்கும் மேல் போகக் கூடாது. சொத்தையையும் துளை விழுந்ததையும் பொறுக்கி நீக்க வேண்டும். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. கிடங்கில் அந்துப்பூச்சி, வண்டு வந்தால் இந்தப் பூஞ்சாணத் தூளைத் தூவலாமா என்று யாரும் யோசிக்க வேண்டாம். இது தோட்டத்துக்கு உரியது. உலர்ந்த கிடங்கில் வேலை செய்யாது, உணவுச் சரக்கின் மேல் தூவவும் கூடாது.

விற்க நினைப்பவர்களுக்கு

கிராமங்களில் உரம், பூச்சி மருந்து வியாபாரமும் செய்யும் உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவை:

1. உயிரி மருந்து என்றாலும் 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம் இதற்கும் பொருந்தும். விற்பனை உரிமம் வேண்டும்.

2. உணவுப் பொருளோ கால்நடைத் தீவனமோ வைத்து விற்கும் அதே கட்டடத்தில் பூச்சிக்கொல்லியை வைக்க விதிகள் இடம் தருவதில்லை. வீட்டு உபயோகக் கொசு, கரப்பான் மருந்துகளின் சில்லறை விற்பனைக்கு மட்டுமே விலக்கு உண்டு. ஆகவே மளிகைக் கடையில் ஒரு மூலையில் வைத்து விற்கலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

3. பொட்டலத்தில் பதிவு எண், பூஞ்சாணத்தின் பெயர், தயாரித்த தேதி, காலாவதி தேதி, உயிருள்ள வித்தின் எண்ணிக்கை ஆகியவை இருக்க வேண்டும். கிராமுக்குக் குறைந்தது 10 கோடி இருக்க வேண்டும் என்பது அளவுகோல். இவை இல்லாத பொட்டலத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

4. இது உயிருள்ள சரக்கு. தகரக் கூரையின் கீழ், வெயில் விழும் முகப்பில் வைத்தால் செத்துவிடும். செத்ததும் உயிருள்ளதும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். குளிர்ந்த நிழலான இடத்தில் வைத்து, பழைய சரக்கை முதலில் தள்ளி, அந்தப் பருவத்துக்குத் தேவையான அளவு மட்டுமே கொள்முதல் செய்வது நல்லது. மலிவாகக் கிடைக்கிறது என்று காலாவதி நெருங்கிய சரக்கை மொத்தமாகப் பிடிக்க வேண்டாம்.

5. பொடியைக் கையாளும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளச் சொல்ல வேண்டும். மனிதருக்கு நஞ்சல்ல என்றாலும் தூசு சிலருக்கு ஒவ்வாமை தரும்.

6. வாங்குபவரிடம் உள்ளதைச் சொல்ல வேண்டும். "பத்து நாள் பொறுக்க வேண்டும், ஈரம் வேண்டும், மற்ற வேலைகளையும் செய்ய வேண்டும்" என்று சொல்லி விற்றால் அவர் அடுத்த ஆண்டும் நம்மிடம் வருவார். செத்த சரக்கை விற்றால் அவருக்குத் தெரிய ஆறு மாதம் ஆகும். தெரிந்தபின் நம் கடைப் படியை மிதிக்க மாட்டார். "இந்தப் பூஞ்சாணமே ஏமாற்று வேலை" என்று ஊரெல்லாம் சொல்வார். ஒரு கடையின் தவறு ஒரு நல்ல முறையையே கெடுத்துவிடும்.

தோப்புக்காரர் வேறு, வியாபாரி வேறு என்று இருந்த காலம் போய்விட்டது. சரக்கு வாங்கப் போகும்போது காயின் எண்ணிக்கையையும் பருப்பின் நிறத்தையும் மட்டும் பார்க்காமல், எருக்குழி எப்படி இருக்கிறது, பட்டுப்போன தடி தோப்பில் கிடக்கிறதா, முந்திரியின் அடிமரத்தில் பிசின் வடிகிறதா என்றும் ஒரு பார்வை பார்ப்போம். கண்டதைத் தோப்புக்காரரிடம் சொல்வோம். அதற்கு நமக்குச் செலவு ஏதும் இல்லை. அவர் மரம் பிழைத்தால் நம் கிடங்குக்கு நல்ல சரக்கு வரும், நம்மை நம்பி வாங்குபவர் வீட்டுக்கும் நஞ்சில்லாத பண்டம் போய்ச் சேரும்.